மீதி தொண்ணூறு

ஒரு மனிதனின் பத்தொன்பது வருட நல்ல பெயருக்கு எங்கள் பேருந்து நிறுவனத்தில் விலை ஆறு விரற்கடை. விலை வைத்தவர் முதலாளியின் மருமகன். முதலாளி வீட்டுக்கு மட்டும் மாப்பிள்ளையாக இருந்திருக்க வேண்டியவர், அலுவலகம் முழுவதற்கும் மாப்பிள்ளையாகிவிட்டார், முகத்துக்கு நேரே மட்டும் 'சார்'. புள்ளிவிவரங்களைப் படமாக்கிக் காட்டுவது எப்படி என்று மூன்று வாரப் பயிற்சிக்குப் போய்வந்தவர். அவருக்குத் தேவையானதை நான்காவது வாரத்தில் வைத்திருந்தார்கள் போல.

வந்த கையோடு பயணிகளின் புகார்களை ஒரு வட்டப்படமாக்கினார். ஐந்து துண்டு, துண்டுக்கொரு நிறம், அடியில் நிழல். கூட்டிப் பார்த்தேன், நூற்றுப் பதினொரு சதவீதம் வந்தது. சொன்னேன். "பார்க்க எடுப்பா இருக்குல்லண்ணே, அப்புறம் என்ன?" என்றார். நூறுக்கு மேலும் நிறுவனத்தை வளர்க்கத் தெரிந்தவரிடம் நான் என்ன பேச?

அங்கே அறிக்கைகளும் படங்களும் தயாரிப்பது என் வேலை. வளர்ந்தது துணிக்கடைத் தெருவில். அளவுகோலின் அடியை அரை விரல் தேய்த்துவிட்டு, வாய் நிறையச் சிரித்தபடி துணி அளந்து கொடுத்த பெரியவர்களைப் பத்து வயதிலேயே பார்த்தவன். அவர்கள்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. தாங்கள் செய்வது திருட்டு என்றாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை அதற்குச் சான்றிதழ் வாங்கி, சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

எட்டு ஓட்டுநர்கள் கடந்த வருடம் நூற்றுக்கு எத்தனை தடவை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைப் பட்டைகளாக வரையச் சொன்னார். முதலில் நிற்பவருக்குத் தொண்ணூற்றேழு, கடைசியில் நிற்பவருக்குத் தொண்ணூற்றொன்று. பூஜ்யத்திலிருந்து வரைந்தேன். எட்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்னண்ணே, வேலி நட்டு வச்சிருக்கீங்க? மாமா பார்த்த உடனே ஒரு ஆள் கண்ணுல குத்தணும்."

எதற்கு ஒரு ஆள் என்று கேட்டேன். வந்து ஆறு மாதத்தில் தான் எதையாவது செய்ததாகத் தெரிய வேண்டாமா என்றார், ஒளிவுமறைவே இல்லாமல். தொண்ணூறிலிருந்து தொடங்குங்கள், ஒரு சதவீதத்துக்கு ஒரு விரற்கடை உயரம் என்றார். மறுத்திருக்கலாம். எந்தப் பட்டைக்குச் சிவப்பு என்று மட்டும் கேட்டேன். என் வீரம் அவ்வளவுதான். தொண்ணூற்றேழு ஏழு விரல் உயரத்துக்கு நிமிர்ந்தது. தொண்ணூற்றொன்று ஒற்றை விரலாக, சிவப்பாக, தரையோடு ஒட்டிக் கிடந்தது.

அந்தச் சிவப்பு, 'கேட்' என்று எல்லோரும் கூப்பிடும் ஓட்டுநர். அவர் தடத்தில்தான் ரயில்வே கேட் இருக்கிறது. கேட் மூடினால் ரயில் போகும்வரை அவர் பேருந்தும் நிற்கும். வேறு என்ன செய்வது, பறக்கவா? பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறார், இன்னும் பதினோரு மாதம் ஓட்டினால் ஓய்வூதியம். இப்போது நீக்கினால் ஒன்றும் கிடையாது.

கேட்டை நீக்குவதா என்று முடிவுசெய்யும் கூட்டத்துக்கு மேசையைச் சுற்றி ஆறு பேர்: முதலாளி, மாப்பிள்ளை, கணக்கர், வக்கீல், பட்டறை மேஸ்திரி, டிக்கெட் பிரிவு அம்மா. குறிப்பெழுத ஓரமாக நான். கேட்டை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் சுவரில் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இதில் தான் எது என்று கேட்டார். மாப்பிள்ளை சிவப்பைக் காட்டி, முதல் ஆளோடு ஒப்பிட்டால் அவர் ஏழில் ஒரு பங்குதான், படமே சொல்கிறது என்றார்.

"எனக்கு அனுப்புன கடுதாசில தொண்ணூத்தியொண்ணுன்னு போட்டிருக்கீங்க. இங்க ஒண்ணுதான் இருக்கு. மீதி தொண்ணூறு எங்க, சார்?"

அது பயிற்சியில் வராத கேள்வி. கேட் தானே தேடக் கிளம்பினார். படத்தின் அடியில் நான்கு விரல்களைப் படுக்கவைத்தார், அதன்கீழ் மறுபடி நான்கு. நாலு, எட்டு, பன்னிரண்டு என்று சுவரில் இறங்கி, முட்டிபோட்டு, அறுபத்து நாலில் தரையைத் தொட்டார்.

"இன்னும் இருபத்தாறு பாக்கிம்மா. கீழ்மாடியில உங்க டிக்கெட் ரூமுக்குள்ளதான் தொங்குது, வெட்டி எறிஞ்சிடாதீங்க" என்றார் அந்த அம்மாவிடம்.

அந்த அம்மா சிரிப்பை இருமலாக்கினார். முதலாளி சிரிக்கவில்லை.

"அடியில வெட்டுனது யாரு, மாப்ளே?"

மாப்பிள்ளையின் விரல் என் பக்கம் நீண்டது. "வெட்டுனது நான்தான் முதலாளி. வெட்டச் சொன்னது சார்" என்றேன்.

கணக்கர் தொண்டையைச் செருமினார். எங்கிருந்து வரைந்தாலும் எட்டுப் பேரில் இவர் கடைசிதானே என்றார். அது பொய்யில்லை. கேட் மூடுவதற்கு மனுஷன் என்ன பண்ணுவான் என்று மேஸ்திரி முணுமுணுத்தார். கேட்டை வெளியே போகச் சொல்லிவிட்டு, முதலாளி கை தூக்கச் சொன்னார்.

நான் எழுதினேன். நீக்கலாம்: மாப்பிள்ளை, கணக்கர், வக்கீல், ஆக மூன்று. வேண்டாம்: மேஸ்திரி, டிக்கெட் பிரிவு அம்மா, ஆக இரண்டு. மொத்தம் ஐந்து. ஆறாவது கை முதலாளியின் தாடைக்குக் கீழேயே இருந்தது. அது 'வேண்டாம்' பக்கம் உயர்ந்தால் மூன்றுக்கு மூன்று, நீக்க முடியாது. அந்தக் கைக்கு ஒரு வரி விட்டுவிட்டு, பேனாவை மூடாமல் வைத்திருந்தேன்.