மூன்றாவது மடிப்பு

வியாழக்கிழமை நான் செய்த காரியத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் மரபணுவை அலசியதும், மாறியிருக்கும் எழுத்தையெல்லாம் முதலில் சிவப்பில் வட்டமிடுவோம். அதனால் கெடுதல் உண்டா என்று பார்ப்பது அப்புறம்தான். தெரிந்த பெண், பாவம், தவிக்கிறாளே என்று அவளுடைய அந்த முதல் தாளையே மைலெனின் போனுக்கு அனுப்பித் தொலைத்தேன். தசை கரைந்து பத்தொன்பது வயதில் செத்துப்போன தம்பியைத் தூக்கிச் சுமந்தவள் அவள். இப்போது வயிற்றில் மூன்று மாதம். ஆண் பிள்ளை; அந்த நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை அவள் புருஷன் லவுத்தாரோ போனில் அழுதபோதுதான் நான் செய்த கூத்து எனக்கு உறைத்தது. துகுமான் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அவர்களுடைய எம்பனாடா கடைக்கு ஓடினேன். மைலென் எம்பனாடாவுக்காக மாவு வட்டத்தில் கறிப் பூரணம் வைத்து விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழம முடிச்சிடறோம்க்கா. ஆஸ்பத்திரியில நேரம் வாங்கியாச்சு. இன்னொருத்தன அப்படிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

"அந்தச் சிவப்பு வட்டம் ஒண்ணுமே இல்லடி! என் அவசரப் புத்தி, அனுப்பிட்டேன்."

"சும்மா ஆறுதல் சொல்லாதீங்க. தப்புன்னா தப்புதானே?"

அவள் மடித்து அடுக்கியிருந்த தட்டைப் பார்த்தேன். உள்ளே இருப்பது கறியா கோழியா என்று விளிம்பு மடிப்பை வைத்துத்தான் எங்கள் ஊரில் சொல்வோம்.

"இதுல மூணாவது மடிப்பு கோணலா இருக்கே. இது என்ன?"

"கறிதான். முதல் ரெண்டு சரியா இருந்தாப் போதும், கடைசி எப்படி முடிஞ்சாலும் கறின்னு வெச்சிருக்கோம்."

"யாரு பண்ணின ஏற்பாடு?"

"யாரும் உக்காந்து பண்ணல. எல்லாம் இந்த மனுஷன் கை லட்சணம்! வேற எந்தக் குறி வெச்சாலும் கோழி கேட்டவனுக்குக் கறி போயி, ஒரே சண்ட. இது ஒண்ணுதான் நின்னுச்சு."

"என் கைய இழுக்காட்டி உனக்குப் பொழுது போகாதே," என்றான் பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்த லவுத்தாரோ.

"உடம்பும் அதேதாண்டி," என்றேன். "மூணு மூணு எழுத்தாத்தான் படிக்கும். மூணாவது மாறினாலும் அநேகமா அதே சரக்குதான் வரும். கோடி கோடி வருஷமாத் தப்பு நடந்து நடந்து, தப்பத் தாங்குற ஏற்பாடு நிலைச்சிடுச்சு. உனக்கு மாறியிருக்கிறது அந்த மூணாவது. மத்தது முழுக்கப் பாத்தாச்சு, சுத்தம். சோதனைக்கு ரத்தம் குடுத்தாரே உன் தாய்மாமன், அவருக்கும் இதே மாற்றம் இருக்கு."

"மாமாவுக்கா? அறுபது வயசுல பந்து விளையாடி அடுத்தவன் கால ஒடிக்குதே, அதுக்கா?"

"அவருக்கேதான்."

மடித்துக்கொண்டிருந்ததை வைத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"திங்கக்கிழம வரலைங்க... இல்ல, தள்ளிப் போடல. வரவே இல்ல. அவன் நெஞ்சு துடிக்கிறதக் கேக்கணும். அதுக்கு எப்ப வரட்டும்?"

எழுதக் காகிதம் இல்லை. மேசையில் பரவிக் கிடந்த மாவில் விரலால் தேதியை எழுதினாள். பிசைந்த உருண்டையைக் கையில் ஏந்திக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் லவுத்தாரோ நின்றுகொண்டிருந்தான்.