கதவுக்கு உள்பக்கம் பிடி இல்லை

முப்பத்தாறு வயதிலும் அவளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் கூப்பிட்டால் பரவாயில்லை, அலுவலகத்திலும் அதே பெயர். கட்டட வடிவமைப்பு அலுவலகம் அத்தானுடையது, நிர்வாகம் அக்காவுடையது. புதிதாகச் சேரும் பையன்கள் ஒரு வாரம் 'மேடம்' என்று சொல்லிப் பார்ப்பார்கள். அப்புறம் அவர்களும் 'பாப்பா மேடம்' என்று ஒரு சமரசத்துக்கு வந்துவிடுவார்கள்.

அத்தான் பெயர் வாங்கிய ஆள். இளம் வயதில் ஒரு நூலகம் கட்டினார். அதன் முன்சுவர் காற்றில் படபடக்கிற துணி மாதிரி வளைந்து போகும். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றோடு அவருக்குப் பிடித்தது சனி. வந்தவர்களெல்லாம் அந்த வளைவையே கேட்டார்கள். வங்கிக்கு வளைவு, மருத்துவமனைக்கு வளைவு, கார் விற்கிற கடைக்கும் வளைவு. "நாய்க்கூண்டு கேட்டாலும் வளைச்சுத்தான் குடுப்போம்போல" என்று பாப்பா ஒருமுறை சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் பென்சிலைத் தொட்டே வெகுகாலம் ஆகியிருந்தது. "பாப்பா, நீ சும்மா ஒரு கோடு போட்டுக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்பார். அவள் போட்ட கோடுதான் கட்டடமாக நிற்கும். வரைபடத்தின் ஓரக் கட்டத்தில் அவர் பெயர் இருக்கும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அப்பா போனபிறகு அவளைப் படிக்கவைத்தவர் அத்தான். அவள் தூங்கி எழுவது அவர்கள் வீட்டு மாடியில், சாப்பிடுவது அக்கா கையால். விட்டுவிட்டுப் போகலாம் என்று எப்போதாவது தோன்றும். ஆனால் வேலையை மட்டும் தனியாக விட முடியாது. மாடியை, சாப்பாட்டை, அக்காவை எல்லாம் சேர்த்துத்தான் விடவேண்டும். அந்த நினைப்பு வந்ததுமே அவள் அடுத்த வரைபடத்தை விரித்துக்கொள்வாள்.

அலுவலகத்தில் 'யோசனை அறை' என்று ஒன்று உண்டு. உலகத்திலுள்ள நல்ல கட்டடங்களின் படங்கள், ஓவியப் புத்தகங்கள், பேர்போன கலைஞர்கள் வடிவமைத்த நாற்காலிகள் நாலைந்து, மூலையில் மெல்லிய இசை. யோசனை வராதவர்கள் அங்கே போய் உட்காரவேண்டும் என்பது அத்தானின் கட்டளை. பாப்பா உட்கார்ந்து உட்கார்ந்து அங்கிருந்த ஒவ்வொரு படமும் அவளுக்கு மனப்பாடம். எதை வரைந்தாலும் சுவரில் இருப்பதில் ஏதோ ஒன்றின் ஒன்றுவிட்ட தம்பியாகவே வந்து நின்றது. அந்த அறையில் சன்னல் கிடையாது. கவனம் சிதறக்கூடாதாம்.

அப்படியிருக்கும்போதுதான் இசைப்பள்ளி வேலை வந்தது. பள்ளிக்காரர்கள் ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கை வாங்கியிருந்தார்கள். அதைக் கச்சேரி அரங்கமாக மாற்றவேண்டும். பாப்பா எட்டுப் படம் போட்டாள். எட்டையும் அவளே கிழித்தாள். ஒன்பதாவதாக அத்தானின் வளைவையே போட்டுக்கொண்டு, பள்ளியின் வயலின் டீச்சரோடு இடத்தைப் பார்க்கப் போனாள்.

டீச்சர் ஐம்பதைத் தாண்டியவள், கட்டையான உருவம், பட்டென்று பேசுகிற வாய். படத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லா இருக்கு. இதுக்குள்ள வாசிச்சா எப்படிக் கேக்கும்?"

"அது... அதுக்குன்னு ஒலி நிபுணர் இருக்காரு டீச்சர். சுவத்துல பஞ்சு வச்சு சரி பண்ணிக்கலாம்."

"அப்போ முதல்ல தப்பாக் கட்டிட்டு அப்புறம் பஞ்சு வைப்பீங்க."

பாப்பா படத்தைத் திரும்ப வாங்கிச் சுருட்டிக்கொண்டாள். கிடங்கின் காவலாளி பெரிய அறையைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனார். கதவு ஒரு சாண் தடிமன். அது அசையாமல் இருக்க அடியில் ஒரு செங்கல் வைத்திருந்தார். டீச்சர் உள்ளே வரும்போது அவளுடைய வயலின் பெட்டி செங்கல்மேல் இடித்து அதைத் தள்ளிவிட்டது. கதவு அவசரமே இல்லாமல் நகர்ந்து வந்து, 'தொப்' என்று மூடிக்கொண்டது. உள்பக்கம் பிடி இருந்த இடத்தில் துருப்பிடித்த ஓட்டை மட்டும்தான் இருந்தது.

முதலில் இருவரும் சிரித்தார்கள். அப்புறம் தட்டினார்கள். அப்புறம் கத்தினார்கள். அந்தத் தடித்த சுவர்களுக்குள் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. உயரத்தில் காற்று வருவதற்கு ஒரு சின்னத் துவாரம், அதன் வழியாக ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம். பாப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னம்மா, பயமா இருக்கா?"

"மூச்சு முட்டுது டீச்சர்."

"காத்து வருதும்மா, மேல பாரு. காவலாளி சாப்பிட்டுட்டு வராம எங்க போயிடப் போறாரு? ஒரு தூக்கம் போட்டுட்டு வருவாரா இருக்கும்." டீச்சர் பெட்டியைத் திறந்தாள். "நம்ம கத்துறது வெளிய கேக்கல. இதாவது கேக்குதான்னு பாப்போம்."

அவள் அறையின் நடுவில் நின்று வாசித்தாள். சகிக்கவில்லை. ஒவ்வொரு சுரமும் சுவருக்குச் சுவர் பந்து மாதிரி மோதித் திரும்பியது. தகரத்தை உரசுகிற சத்தம். டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டு துவாரத்துக்கு நேர் கீழே போனாள். அங்கே இன்னும் மோசம். பிறகு இருட்டாகக் கிடந்த பின்மூலைக்கு நகர்ந்தாள்.

அங்கே சத்தம் மாறியது.

பாப்பா தலையை நிமிர்த்தினாள். வாசித்தது அதே வரிதான். ஆனால் இப்போது அது சுவரில் மோதித் தெறிக்கவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. டீச்சரும் வில்லை நிறுத்திவிட்டாள்.

"இங்க என்ன இருக்கு?"

பாப்பா தொலைபேசி வெளிச்சத்தை அடித்தாள். பழைய மரப்பெட்டிகள். காய்கறி அடுக்கி வைத்தவை போலும். யாரோ ஏனோதானோ என்று சுவரோரம் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்று முன்னால் துருத்திக்கொண்டு, ஒன்று உள்ளே சரிந்து, ஒன்று கவிழ்ந்து, ஒன்று வாய் திறந்து. எந்த இரண்டும் ஒரே கோட்டில் இல்லை.

"இன்னொரு தடவ வாசிங்க டீச்சர்."

வாசித்தாள். பாப்பா நாலு பெட்டியை இழுத்து நேராக அடுக்கினாள். சத்தம் கெட்டுப்போனது. மறுபடி கலைத்தாள். சத்தம் திரும்பி வந்தது. அப்புறம் அவளுக்கு மூச்சு முட்டியது மறந்துபோயிற்று. எதிர்ச்சுவருக்கும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனாள். கையில் சிராய் ஏறியது, உடுப்பெல்லாம் தூசி. "இப்போ?" என்பாள். "கொஞ்சம் வறட்சியா இருக்கு" என்பாள் டீச்சர். ஒரு பெட்டியைத் திருப்புவாள். "இப்போ?" "ஆங், அப்படியே விடு, அத தொடாத!"

காவலாளி வந்து கதவைத் திறந்தபோது, உள்ளே ஒருத்தி வாசித்துக்கொண்டும் ஒருத்தி தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டும் இருப்பதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"அஞ்சு நிமிஷம் கழிச்சு வாங்களேன்" என்றாள் பாப்பா, படுத்தபடியே.

ஒரு வாரத்தில் படம் தயாரானது. வளைவே இல்லை. சின்னதும் பெரியதுமான மரக்கட்டங்கள், முன்னும் பின்னுமாகத் துருத்தி நிற்கும் சுவர்கள். பஞ்சு கிடையாது. அட்டையில் மாதிரி செய்து அத்தான் மேசைமேல் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார், சுற்றிவந்து பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாப்பா... இது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக் குழுவின் முன் படத்தை விளக்கும் நாளில் அத்தான்தான் எழுந்து பேசினார். அவர் பேச்சு எப்போதுமே தேன். "ஒரு நாள் சாயங்காலம் கடற்கரையில நடந்துகிட்டிருந்தேன். பாறையில அலை மோதுது. ஒவ்வொரு பாறையும் ஒவ்வொரு மாதிரி பேசுது. அப்போதான் எனக்குத் தோணுச்சு..." குழுவினர் சொக்கிப்போனார்கள்.

பாப்பா சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மேசையின் மறுபக்கம் டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லு, என்றது அந்தப் பார்வை. மேசைக்கு அடியில் அக்காவின் கை வந்து அவள் கையைப் பிடித்தது. அன்பாகத்தான் பிடித்தது. ஆனால் விடவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பாப்பாவும் ஒரு கை அக்காவிடம் மாட்டியிருந்ததால், மீதியிருந்த கையால் மேசையைத் தட்டினாள்.

படிக்கட்டில் டீச்சர் வழிமறித்தாள். "ஏம்மா வாயத் தொறக்கல?"

"அவரு எங்க அக்கா வீட்டுக்காரரு டீச்சர்."

"அதனால?"

இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் 'அதனால?' என்று கேட்டதில்லை.

மறுநாள் அத்தான் வழக்கம்போல அவள் மேசைக்கு வந்தார். ஒரு அருங்காட்சியக வேலை வந்திருக்கிறதாம். "பாப்பா, நீ சும்மா ஒரு கோடு போட்டுக் காட்டு..."

"அத்தான், என்கூடக் கொஞ்சம் கிடங்கு வரைக்கும் வாங்க."

காரில் அவர் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். கிடங்கில் அவரைப் பின்மூலைக்கு அழைத்துப்போய் நிறுத்தினாள். காவலாளியிடம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கதவை அவளே இழுத்து மூடினாள்.

"ஏய், என்ன பண்ற? லைட்டப் போடு!"

"லைட் இல்ல அத்தான். ஆளு வெளிய இருக்காரு, தட்டினா தொறப்பாரு. இங்க ஏதாவது பேசுங்க. அப்புறம் நடுவுல வந்து அதையே பேசுங்க. வித்தியாசம் கேக்குதா?"

இருட்டில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பெட்டிகளைத் தடவும் சத்தம். மூலையில் ஒரு தரம், நடுவில் ஒரு தரம் கனைத்துப் பார்த்தார். பேசியபோது அந்தத் தேன் குரல் இல்லை.

"கேக்குது பாப்பா. ஆனா எனக்கு ஒண்ணும் தோணல."

அவள் அவர் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"நூலகம் கட்டினதுக்கு அப்புறம் ஒண்ணுமே தோணல. அந்த அறையில போய் உக்காருவேன். படத்தப் பாப்பேன், பாட்டுக் கேப்பேன். உள்ள வெறும் சுவரு. கடற்கரைன்னு நேத்து சொன்னேனே, சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. நெஜமாவே நடந்த மாதிரி இருந்துச்சு." அவர் உட்காரும் சத்தம் கேட்டது. "உங்க அக்காகிட்ட சொல்லிடாத. அவளுக்கு என்னை விட்டா வேற பெருமை இல்ல."

பாப்பா கோபத்தோடுதான் கதவை மூடியிருந்தாள். இப்போது அது எங்கே போனதென்று தெரியவில்லை. இவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. வெளியே போக வழி தேடி வந்தவளுக்கு அவர் இன்னொரு பூட்டைக் கையில் கொடுத்துவிட்டார்.

"சொல்லமாட்டேன்" என்றாள். "ஆனா இந்தப் படத்துல என் பேரு வரணும். முழுப் பேரு. பாப்பான்னு இல்ல."

"உங்க அக்கா..."

"அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

கதவைத் தட்டினார்கள். வெளிச்சத்தில் பார்த்தபோது அத்தான் பத்து வயது கூடின மாதிரி இருந்தார். ஆனால் படத்தில் கையெழுத்துப் போடும்போது தயங்கவில்லை. ஓரக் கட்டத்தில் அவளுடைய பெயருக்குக் கீழேதான் போட்டார்.

அக்காதான் தாங்கவில்லை. "ஒரு வீட்டுல ஒருத்தர் பேரு போதாதாடி? இத்தனை நாள் உனக்கு என்ன கொறை வச்சோம்?" என்று கேட்டாள். குறை எதுவும் வைக்கவில்லை என்பதுதான் பாப்பாவின் கஷ்டமே. உண்மையான காரணத்தைச் சொன்னால் அக்கா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் இவள் நன்றிகெட்டவள். பாப்பா இரண்டாவதை எடுத்துக்கொண்டாள்.

அரங்க வேலை தொடங்கி மூன்று மாதமாகிறது. மாடிக்குச் சாப்பாடு இன்னும் வருகிறது, சூடாகவே வருகிறது. ஆனால் அக்கா கொண்டுவருவதில்லை. அத்தான் தட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வருகிறார். தட்டை வைத்துவிட்டு உடனே போவதுமில்லை. அவள் மேசையில் விரித்திருக்கும் படத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நேற்று, கேட்கலாமா கூடாதா என்று நெடுநேரம் தடுமாறிவிட்டு, ஒரு பென்சிலைக் கேட்டார்.

பாப்பா தன் பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். கீழே அக்கா பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.