பச்சை மையில் முப்பத்து மூன்றாவது பெயர்

செயலாளர் இறந்து நாற்பது நாள் கழித்து அவருடைய கையெழுத்து மட்டும் அலுவலகத்துக்கு வரத் தொடங்கியது. காலை பத்தரைக்கு வரும், ஐந்தே முக்காலுக்கு நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை வராது. பதிவறையின் மூன்றாவது அலமாரியில் இருந்த அவருடைய கோப்புகளின் ஓரங்களில் அதே பச்சை மையில் வரிகள் ஈரமாகத் தோன்றின. பதிவறை எழுத்தராக இருந்த பெண் முதலில் தன் கண்ணாடியை மாற்றிப் பார்த்தாள். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. தேதிகளைத் திருத்துவதும் விட்டுப்போன பக்க எண்களைப் போடுவதுமாக அது பாட்டுக்கு வேலை பார்த்தது.

பெரிய அதிகாரிகளின் கோப்புகளில் எது என்றைக்கும் இருக்க வேண்டும், எது பத்து வருடத்தில் காகித ஆலைக்குப் போக வேண்டும் என்று பிரிப்பது அவள் வேலை. வீட்டில் அவளும் மாமியாரும்தான். பத்து வருடத்துக்கு முன் பாலம் கட்டும் வேலைக்குப் போன கணவன் திரும்பவில்லை. பாலம் இடிந்து செத்தவர்கள் முப்பத்திரண்டு பேர் என்று அரசு அறிவித்தது. கூலிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை என்பதால் எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது. மாமியாரும் அதையே நம்பினாள், ஓடிப்போனவன் உயிரோடாவது இருப்பான் என்பதற்காக.

அந்த வருடம் பாலக் கோப்புக்குக் கெடு முடிந்தது. இயக்குநர் ‘அழிக்கலாம்’ என்று எழுதி அனுப்பினார். கோப்புக் கட்டைக் கயிற்றால் இறுக்கும்போது அவள் விரலில் ஈரம் பட்டது. பிரித்தாள். தூணில் விரிசல் இருப்பதாகப் பொறியாளர் எழுதிய கடிதத்துக்குக் கீழே, ‘இதைப் படித்தேன். படித்த பிறகுதான் வேலையைத் தொடரச் சொன்னேன்’ என்றிருந்தது. அதற்கும் கீழே இறந்தவர்களின் பெயர்கள், வரிக்கு ஒன்றாக, அவள் கண்ணெதிரே வந்துகொண்டிருந்தன. முப்பத்திரண்டோடு கையெழுத்து நிற்கவில்லை. முப்பத்து மூன்றாவதாக அவள் கணவன் பெயர், தகப்பன் பெயரோடு. பக்கத்தில், ‘நான்காம் தூணுக்கு அடியில்’.

அவள் அழவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். இயக்குநர் இரண்டு முறை படித்தார்.

“செத்தவர் எழுதினதை எப்படிம்மா ஏத்துக்கறது?”

“உசிரோட இருந்தப்ப எழுதினதை எல்லாம் ஏத்துக்கிட்டீங்களே சார்.”

அவர் கட்டைவிரலைக் கைக்குட்டையில் துடைத்தார். பச்சை போகவில்லை. பிறகு ‘அழிக்கலாம்’ என்பதை அடித்துவிட்டு ‘நிரந்தரம்’ என்று எழுதினார்.

நான்காம் தூணுக்கு அடியில் தோண்டிய மூன்றாம் நாள் அவன் கிடைத்தான். இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து இருந்தது. மாமியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அவன் ஓடலைம்மா” என்றாள், இத்தனை வருடமும் மருமகள்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது போல. மருமகள், “இல்ல அத்தே” என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் பெரிய அதிகாரிகள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு பதிவறைப் பக்கம் வர ஆரம்பித்தார்கள். இப்போதைய செயலாளரும் வந்தார். நான்காவது அலமாரி தனக்குத்தான் என்று தெரிந்ததும் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். செத்த பிறகு தானும் இப்படி வர வேண்டியிருக்குமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அது கோப்பைப் பொறுத்தது என்றாள் அவள்.

அடுத்த திங்கட்கிழமை நான்காவது அலமாரியில் அவருடைய கையெழுத்து ஈரமாகத் தெரிந்தது. அவரோ அந்நேரம் மாடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் பதிவேட்டில் வரவு நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.