இடம் பிடித்த பை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. இந்தக் கதையைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேடவாக்கத்தில் ஏரிக்குப் பின்னால் ஒரு தெரு. அங்கே ஒரு புத்தகப் பை, ஒரு பிள்ளைக்காக இடம் பிடிக்கப் போன கதை இது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை. கங்கம்மா தான் வேலை பார்க்கும் எட்டாவது மாடி வீட்டின் பால்கனியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. பத்து வயது மகள் சினேகா.

"அம்மா, தண்ணி லாரி அஞ்சு மணிக்காம். நாலரைக்கு க்ளாஸ் கீது. நான் இன்னா பண்றது?"

க்ளாஸ் என்றால், ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற இலவச மாலை வகுப்பு. நாற்காலி முப்பது, பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் எண்பது. அதில் நாலைந்து தினமும் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், யாராவது வராமல் போக மாட்டார்களா என்று. மூன்று நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். சினேகா ஏற்கனவே இரண்டு நாள் போகவில்லை. இரண்டும் லாரி வந்த நாள். பெயர் நின்றால்தான் மே மாதம் முழுக்கக் கோடை முகாம், மத்தியானச் சாப்பாட்டோடு. போன மே மாதம் கங்கம்மா பிள்ளையை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். தகரக் கூரை வீடு. சாயங்காலம் திறக்கும்போது, கதவுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள சந்தில் மூக்கை வைத்துப் பிள்ளை படுத்திருக்கும்.

அந்தத் தெருவிலேயே வளர்ந்தவளுக்கு வேறென்ன யோசனை வரும், சொல்லுங்கள். அங்கே லாரி வரும்வரை வரிசையில் ஆள் நிற்க வேண்டாம். குடத்தை வைத்தால் போதும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. கல்யாணமோ கருமாதியோ, எங்கே போயிருந்தாலும் அந்த இடத்தை ஒருத்தரும் தொட மாட்டார்கள். லாரி வந்ததும் பிடிக்கத்தான் ஆள் வேண்டும்.

"நீ லாரிக்குப் போ. உன் பைய மோனிஷா கைல குட்த்தனுப்பு. உன் சேர்ல வெக்கச் சொல்லு."

"பை வெச்சா ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"இன்னாத்துக்கு ஒத்துக்க மாட்டாங்க? எடம் போட்டு கீது இல்ல? தண்ணியப் புட்ச்சி வெச்சிட்டு ஓடு."

மோனிஷா, பக்கத்து வீட்டுத் தீபலட்சுமியின் மகள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களில் அவளும் ஒருத்தி.

ஐந்து மணி லாரி ஆறேகாலுக்கு வந்தது.

வேலை முடிந்து கங்கம்மா நேராக வகுப்புக்குத்தான் ஓடினாள். வாசலிலேயே சிரிப்புச் சத்தம். அனுப்பிரியா மிஸ் தன் போனில் எடுத்த வீடியோவைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அதில் "சினேகா" என்று மிஸ்ஸின் குரல் கூப்பிடுகிறது, ஒரு பையன் நாற்காலியில் இருந்த பையின் வாரைக் கை மாதிரித் தூக்கி, "பிரசென்ட் மிஸ்!" என்கிறான்.

"வாங்கக்கா. செம ஐடியா! பையை மட்டும் அனுப்பிட்டீங்க." சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மிஸ்.

"லாரி இப்பதான் மிஸ் வந்துச்சு. கொழந்த அங்க தண்ணி புடிச்சினு கீது."

"எங்க அபார்ட்மென்ட்லயும் டேங்கர் தண்ணிதான்க்கா. அதுக்காக நான் லீவ் போடறேனா? மூணு நாள் ஆயிடுச்சு. ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்."

பை, வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளோடு கிடந்தது. சினேகாவின் நாற்காலியில் மோனிஷா. அவள் மடியில், சினேகா மூன்று வாரமாகச் செய்த பேட்டரி கார். மூன்று சக்கரத்தைச் சினேகா மாட்டி வைத்திருந்தாள். நாலாவதை மோனிஷா மாட்டிக் கீழே விட்டாள். ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"நான் போய்க் கேட்டனா?" என்றாள் தீபலட்சுமி, கங்கம்மா வீட்டுக்கு வந்து சேர்வதற்குள். "அவங்களாதான் கூப்ட்டு ஒக்கார வெச்சாங்க. வோணாம்னு சொல்ல எம்பொண்ணு இன்னா லூசா?"

தானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம் என்று கங்கம்மாவுக்குத் தெரியும். வீட்டில் சினேகா அழவில்லை. அம்மா எடுத்து வந்த பையில் ஒட்டியிருந்த செருப்பு மண்ணைத் தட்டினாள். மண் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை மறுபடி லாரி. அன்று பார்த்து எட்டாவது மாடிக்காரர்கள் ஊருக்குப் போயிருந்ததால் கங்கம்மா சினேகாவோடு நாலு மணிக்கே தெருவில் நின்றாள். வரிசையில் பதினோராவது தீபலட்சுமியின் நீலக் குடம்; அடுத்தது இவளுடைய பச்சைக் குடம். தீபலட்சுமியிடமிருந்து போன் வந்தது.

"கங்காக்கா, கடையில ஓனர் வுட மாட்டேன்றாரு. மோனிஷா க்ளாஸுக்குப் பூட்ச்சு. என் குடத்தக் கொஞ்சம் பாத்துக்கக்கா."

"ம்" என்றாள் கங்கம்மா.

லாரி திரும்பி ஹாரன் அடித்தது. சினேகா தன் அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காலை நீட்டி, அவசரமே இல்லாமல், நீலக் குடத்தை வரிசைக்கு வெளியே தள்ளினாள். அது உருண்டுபோய்ச் சாக்கடை ஓரம் வாய் கவிழ்ந்து கிடந்தது. வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் கங்கம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். கங்கம்மா குனிந்தாள். தன் பச்சைக் குடத்தை எடுத்து ஓர் அடி முன்னால் வைத்தாள்.

இருட்டுமுன் வீடு போய்ச் சேருங்கள், கண்ணுங்களா. உங்கள் வீட்டுக் குடங்கள் நிறையட்டும். வருகிற மே மாதத்தில் உங்கள் பிள்ளைகள் உள்ளே இருக்க, கதவு வெளியே பூட்டாமல் இருக்கட்டும்.