ஃபலானிக்கோவின் வலது தொடை

தோல் இழுப்பது என் வேலை. சிரிக்க வேண்டாம். எங்கள் தீவில் பச்சை குத்தும் ஆசானை துஃபுங்கா என்போம். அவர் குத்தும்போது, பாயில் படுத்திருப்பவனின் தோலைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டாமா? முப்பது வருடமாகப் பிடிக்கிறேன். கை வைத்ததும் வயதைச் சொல்லிவிடுவேன். இருபது வயதுத் தோல், விட்ட மாத்திரத்தில் படக்கென்று தன் இடத்துக்குப் போய்விடும். அறுபது வயதுத் தோல் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும்.

போன ஜூலையில் அப்படி யோசிக்கிற தோலோடு வந்து படுத்தவன் ஃபலானிக்கோ, எங்கள் ஊர் பஸ் டிரைவர். வயது அறுபத்தொன்று. அவனுக்கு முதுகிலும் இடது தொடையிலும் பச்சை இருந்தது, வலது தொடை வெறும் தொடை. காரணம் ஊருக்கே தெரியும். இருபத்திரண்டு வயதில் அவனும் நானும் ஜோடியாகத்தான் பச்சைக்குப் படுத்தோம். எங்களில் முழுப் பச்சைக்கு யாரும் ஒற்றையாகப் படுப்பதில்லை, வலியைப் பங்கு போட ஒருவன் கூட வேண்டும். மூன்றாம் நாள் ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தவன், ஒரே ஓட்டமாகப் படகேறிப் போயே போய்விட்டான். மிச்ச நாளெல்லாம் நான் தனியாகப் படுத்துப் பல்லைக் கடித்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறியதாகச் சொன்னால் பொய்.

வருடம் கழித்து ஊர் திரும்பினான். அதற்குப் பிறகு அவன் சட்டையையோ நீளக் கால்சட்டையையோ கழற்றி யாரும் பார்த்ததில்லை. கடலில்கூட அந்த உடுப்போடுதான் குளிப்பான். ஊரில் அவன் பெயரே 'அரைக்கால்' என்று ஆகிப்போனது. இப்போது அவன் மகளுக்குக் குடும்பத் தலைமைப் பட்டம் கட்டப் போகிறார்கள். அன்றைக்கு வெற்றுடம்போடு நின்று சபைக்கு 'அவா' என்கிற வேர்ச்சாற்றுக் கிண்ணம் ஏந்த வேண்டும் என்பது அவன் ஆசை. அரைகுறைப் பச்சைக்காரன் அந்தக் கிண்ணத்தைத் தொட முடியாது. பட்டம் கட்டப் பன்னிரண்டே நாள்தான் இருந்தது.

துஃபுங்கா அலிப்பியாவுக்கு நாற்பது வயதுதான். எங்கள் இருவருக்கும் குத்தியவரின் மகன். "அஞ்சு நாள்ல முடிச்சிரலாம் பெரியவரே" என்றார்.

முதல் நாள் நான் வழக்கம்போல இடுப்புப் பக்கமாக விறைப்பாக இழுத்தேன். முழங்காலுக்கு மேலே வர வேண்டிய கோட்டைக் கரியால் வரைந்து, முதல் நான்கு விரற்கடை குத்தியும் ஆயிற்று. பிறகு அவனை எழுப்பி நிற்க வைத்தோம்.

கோடு முழங்கால் சில்லின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. இடது காலில் அதே கோடு மூன்று விரல் மேலே இருந்தது.

"என்னய்யா இது, ஒரு கால் டவுசர் கழண்ட மாதிரி இருக்கு!" என்றாள் என் மனைவி ஃபுவாட்டினோ. அவள் ஜில்லா ஆஸ்பத்திரி நர்ஸ். பச்சை குத்துகிற வீட்டுக்கு மருந்தும் கொக்கோவும் அவள் பொறுப்பு.

துஃபுங்கா என்னை முறைத்தார். "எவ்வளவு இழுத்தீங்க?"

"எப்பவும் இழுக்குற அளவுதான்."

"அதான் தப்பு" என்றாள் ஃபுவாட்டினோ. "தோலுக்கடியில ரப்பர் நூல் மாதிரி ஒண்ணு பின்னியிருக்கு. வளர்ற வயசுல பின்னுனதுதான். அது தேஞ்சா உடம்பு பழையபடி பின்னாது. வெயில் வேற அரிச்சிரும். நீ இழுத்ததுல கீழ இருக்குற தோல் மேல ஏறி வந்திருக்கு, அதுல கோடு போட்டுட்டீங்க. விட்டதும் தொங்கிருச்சு. உன் அரைக்கால்சட்டை எலாஸ்டிக் நாடா இல்லையா, அந்தக் கதைதான். தோல் மட்டுமா? முழங்கால் நார், ரத்தக்குழாய், எல்லாமே வயசானா விறைச்சுக்கும், இல்லன்னா தொங்கிரும்."

"என் நாடாவை ஏன்டி சபையில இழுக்குற?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், ஃபலானிக்கோ மட்டும் சிரிக்கவில்லை.

"குத்துன கோட்டைக் கறுப்புல முழுகடிச்சு, இடது கால்லயும் அதே அளவுக்குக் கறுப்பை இறக்கிரலாம்" என்றார் துஃபுங்கா. "ஆனா இனிமே நிக்க வெச்சுத்தான் குறி போடணும். படுத்ததும் குறி நகராம, சுத்தி நாலு பக்கமும் கொஞ்சூண்டு கொஞ்சூண்டா பிடிக்கணும். விறைப்பு இருக்காது. விறைப்பில்லாத தோல்ல ஊசிச் சீப்பை ஒரே இடத்துல மூணு தடவை தட்டி அடிக்கணும். வலி மூணு பங்கு. நாளும் பத்துக்கு மேல ஆகும். முடியலைன்னா இப்பவே சொல்லிருங்க."

ஃபலானிக்கோ என்னைப் பார்த்தான். "பெசமினோ, நீ பிடிப்பியாடா?"

"பிடிக்கிறேன். நீ படுத்திருப்பியா?" என்றேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான், வாய் சும்மா இருந்தால்தானே! அவன் போய்ப் படுத்தான்.

அன்றும் மறுநாளும் அவன் கத்தவில்லை, முனகினான். என் விரலுக்கடியில் அந்தத் தொடை நடுங்கியது. மூன்றாம் நாள் சாயங்காலம் துஃபுங்காவின் கையைத் தட்டிவிட்டு எழுந்தான்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்."

ஃபுவாட்டினோ என்னைப் பார்த்தாள். கால்மணி நேரம் போயிற்று, அவன் வரவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. கிழட்டுக் கழுதை, இரண்டாம் முறையும் என்னைத் தனியாக விட்டுப் போய்விட்டானே என்று திட்டிக்கொண்டே கடற்கரைக்கு ஓடினேன். ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு.

முற்றத்துப் பலாமரத்தடியைக்கூட அவன் தாண்டவில்லை. வேரில் உட்கார்ந்திருந்தான்.

"ஓடத்தான்டா வந்தேன்" என்றான். "முழங்கால் மடங்கல. சரி, மூச்சு வாங்கிட்டு ஓடலாம்னு உக்காந்தேன். உக்காந்தா எந்திரிக்க முடியல. அந்த வயசுல காலாவது இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான், சிரிக்கும்போதே அழுதான்.

"உன்னைத் தனியா விட்டுட்டுப் போனேன்ல? பஸ்ல நீ ஏறும்போதெல்லாம் கண்ணாடியில உன் மூஞ்சியப் பாக்காமலே ஓட்டுவேன்டா."

"தெரியும். அதான் ரெண்டு தடவை என் நிறுத்தத்துல நிக்காம போனே, நாயே."

கையைக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் முழங்கால் 'கடக்' என்றது. எழுந்து நின்றவனை விட்டுவிட்டேன். எந்தப் பக்கம் என்று கேட்க எனக்கு பயமாக இருந்தது. இந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் படகுத்துறை இருந்தது. அவன் பச்சை குத்தும் வீட்டுப் பக்கம் திரும்பி, நொண்டி நொண்டிப் போய்ப் பாயில் படுத்தான்.

பதினோராம் நாள் முடிந்தது. இடது தொடையின் பழைய கோடுகளுக்கும் துஃபுங்கா புது மையேற்றியிருந்தார். நிற்க வைத்தோம். மகள் முறைக்காரிகள் யாரும் உள்ளே வரக் கூடாது என்பதால் ஃபுவாட்டினோதான் முதலில் பார்த்தாள். அவனை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள். இரண்டு தொடையிலும் கோடுகள் ஒரே மாதிரி லேசாகத் தொங்கின.

"இதுல எதுய்யா நீ விட்டுட்டு ஓடின கால்?"

ஃபலானிக்கோ குனிந்து இதைப் பார்த்தான், அதைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"நீயே சொல்லுடா" என்றான் என்னிடம்.

பதினோரு நாள் பிடித்த கை என் கை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

"தெரியலையே" என்றேன்.