நாலாயிரத்து முந்நூறு பேர்

"அலோ... அலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ..." என்று ரகுநாத் மைக்கைத் தட்டியதும், ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செவந்தி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். புருஷன் செத்து எட்டு மணி நேரமாகிறது. அழுகை இன்னும் சரியாக வந்து சேரவில்லை. அதற்கு முன்னாலேயே பயம் வந்து, வீட்டு மனுஷன் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

விடியற்காலையில் காப்பி கேட்டவர், அது ஆறுவதற்குள் சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டார். "மாசிவ் அட்டாக்கு. மைல்டு இல்ல, மாசிவ்" என்று தம்பி ரகுநாத் காலையிலிருந்து போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு வந்தது சின்ன அட்டாக் இல்லை என்பதில் அவனுக்கு ஒரு நிமிர்வு இருந்தது.

மைக் வந்ததற்குக் காரணம், செத்துப்போன அடைக்கலமேதான். அறந்தாங்கியில் ஒரு மரக்கடையில் இருபத்தாறு வருஷம் மேனேஜராக இருந்தவர் அவர். மேனேஜர் என்பது அவர் சொல்லிக்கொண்டது. கடையில் அவரைத் தவிர இருந்தது ஒரு ரம்பமும் இரண்டு லோடுமேன்களும். அந்தக் கடை முதலாளி பாய் இறந்தபோது, மகன் கூட்டத்தின் முன்னால் வந்து, "எங்க அத்தா யாருக்காச்சும் ஏதும் குடுக்கணும்னா எங்கிட்ட சொல்லுங்க, நான் குடுத்துர்றேன்" என்றார். சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடைக்கலத்துக்கு அந்தத் தொண்டை அடைத்தது கண்ணில் படவில்லை. கேள்வியில் இருந்த கம்பீரம் மட்டும் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தார். "நான் போனாலும் இப்படித்தான் கேக்கணும். மைக் வச்சுக் கேக்கணும். மூணு தரம் கேக்கணும். கேக்கையில சொல்லாதவன் பின்னாடி வந்து நின்னா செல்லாது."

பாய் வீட்டில் மைக்கும் இல்லை, மூன்று தரமும் இல்லை, செல்லாது என்ற பேச்சும் இல்லை. அவையெல்லாம் அடைக்கலம் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டவை. அப்புறம் கல்யாண வீடு, டீக்கடை, பஸ் ஸ்டாப் என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் இதைச் சொல்லிவைத்துவிட்டார்.

இப்போது தெருமுனையில் ஃப்ளெக்ஸ் நிற்கிறது. 'கடன் அறியாக் கண்ணியமே! கை நீட்டாக் காவியமே!' கும்பிடும் ரகுநாத்தின் படம் அதில், செத்தவர் படத்தைவிட ஒரு சாண் பெரிது. அடைக்கலத்தின் படம் நாலரை வருஷத்துக்கு முன்னால் ரகுநாத் மகள் இலக்கியா கல்யாணத்தில் எடுத்தது. கழுத்துக்குக் கீழே வெட்டியிருந்தார்கள். வெட்டியும் ஓரத்தில் ஒரு தாம்பாளத்தின் விளிம்பு தெரிந்தது. அந்தத் தாம்பாளத்தில்தான் ஒன்றரைப் பவுன் சங்கிலி இருந்தது. அந்தச் சங்கிலிதான் கடன்.

"ஒன்ற பவுனுக்குக் கொறைஞ்சா பெரியப்பன்னு தல நிமிந்து நடக்க முடியாது. மளிகைக்கட முனியாயிகிட்டப் போயி அறுவது வாங்கிட்டு வா" என்றார் அன்றைக்கு.

"நீங்களே கேட்டா என்னங்க?"

"நான் கேட்டா அது கடன். பொம்பளைக கேட்டா கைமாத்து. இது கூடத் தெரியாம என்ன குடும்பம் நடத்துற?"

கைமாத்து என்று பெயர் மாறினாலும் வட்டி மாறவில்லை. நூற்றுக்கு இரண்டு ரூபாய். மாசம் ஆயிரத்து இருநூறு. செவந்தி கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்றாள். பத்து மாசம் வட்டி கட்டிவிட்டுப் பார்த்தால், அறுபதாயிரம் நகராமல் அப்படியே குந்தியிருந்தது. அன்றிலிருந்து, வட்டிக்கு மேலே வெள்ளிக்கிழமைதோறும் இருநூறு ரூபாயை அசலுக்கென்று தனியாகக் கொடுக்க ஆரம்பித்தாள். அசல் குறைய வட்டி குறைந்தது. அவளோ குறைந்த வட்டி தராமல் அதே ஆயிரத்து இருநூறைத் தந்தாள். மிச்சமும் அசலுக்கே.

முனியாயிக்கு இது பிடிக்கவில்லை. "இது என்னாத்தா கூத்து? குடுத்தா மொத்தமாக் குடு, இல்ல வட்டியக் குடு. எலி மாதிரி அசலைக் கொறிச்சுக்கிட்டே இருந்தா எனக்கு வட்டி எங்கிட்டிருந்து வரும்?"

"வெள்ளிக்கெழம வாரத வேணாங்காதீகக்கா."

அது முனியாயிக்கு வேலை செய்தது. மளிகைக்கடை வைத்திருப்பவள் வெள்ளிக்கிழமை பணத்தைத் திருப்பி அனுப்ப மாட்டாள். மாவு வாங்குகிறவர்கள் போனில் அனுப்புவதால், செவந்தியும் போனிலேயே அனுப்பினாள். அனுப்பியதும் கடையில் இருக்கும் பெட்டி ஒரு பெண்குரலில், "ரூபாய் இருநூறு பெறப்பட்டது" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லும். ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் குரல் வரும்போது செவந்தி இருமுவாள். மூன்றரை வருஷம் இருமியாயிற்று. நாலாயிரத்து முந்நூறு பாக்கி. இன்னும் ரெண்டு மாசம். அதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத முகத்தோடு ஒவ்வொரு வெள்ளியும் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். இனி அவருக்குத் தெரியும் என்று யார் சாட்சி சொல்வது? செவந்தியின் பயமே அதுதான். முனியாயி எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'புருஷனுக்குத் தெரியாம வட்டிக்கு வாங்கித் தின்னவ' என்று ஆகிவிடும். ஃப்ளெக்ஸை மாற்ற மாட்டார்கள். அவளைத்தான் மாற்றுவார்கள்.

"அம்மா," என்று காலையில் மகள் மோகனப்ரியா கேட்டிருந்தாள். திருச்சியில் ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவள். முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, சொந்தக்காரர்களுக்குச் சொல்ல அம்மாவின் போனை வாங்கிக்கொண்டவள். "முனியாயி ஸ்டோருக்கு என்னம்மா, வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம எரநூறு?"

"அரிசி" என்றாள் செவந்தி.

"எல்லா வாரமுமா?"

"சாப்புடணும்ல."

மகள் போனை மறுபடி ஒருமுறை பார்த்தாள். திருப்பித் தரவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு முனியாயி வந்தாள். கையில் மஞ்சப்பை. பைக்குள் அந்தப் பெட்டி. ஒருமுறை எவனோ பணம் அனுப்பியதாகப் பொய்ப்படம் காட்டி ஒரு மூட்டை அரிசியோடு போய்விட்டதிலிருந்து, அவள் கோயிலுக்குப் போனாலும் பெட்டியைக் கையோடு கொண்டுபோகிறவள். நேரே பெண்களை விலக்கிக்கொண்டு வந்து, செவந்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டி அழ ஆரம்பித்தாள்.

"மகராசா, போயிட்டியே..." என்பது ஊருக்கு. "என்னாத்தா, மூணு தரம் கேப்பானாமே?" என்பது காதுக்கு.

செவந்தி அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். "குடுத்துர்றேங்க்கா. ரெண்டே மாசம்."

"தங்க மனுசா, எந்தத் தெச போனியோ... கேக்கையில சொல்லலைன்னா செல்லாதாம்ல. ஒன் வீட்டுக்காரரு என் கட வாசல்ல நின்னே சொல்லியிருக்காரு. நாளைக்கு ஒன் கொழுந்தன் அதையே சட்டமாப் பேசுவான்."

"சொல்லிப்புடாதீகக்கா. என்னய உசுரோட பொதச்சுருவாக."

"நான் என்னாத்தா பண்ணுவேன், நானும் சும்மா சம்பாரிக்கல... அய்யோ, வாசல் இருட்டாச்சே..."

முனியாயியின் கண்ணில் வந்த நீர் நிஜமாகத்தான் இருந்தது. அது அடைக்கலத்துக்கா, நாலாயிரத்து முந்நூறுக்கா என்று செவந்தியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வெளியே கொட்டுச் சத்தம் ஏறியது. மோகனப்ரியா உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடையில் மூன்று வளையமாகப் பெண்கள். செவந்தி எழுந்து போக முடியாது. இன்றைக்கு எழுந்து நடக்க அவளுக்கு அனுமதியில்லை. கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது. இந்த நிலைமையில் அவள் வாய் திறந்து செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்றுதான். காலையிலிருந்து அதைத்தான் அவள் செய்யவில்லை என்று பக்கத்துப் பெண்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

மார்பில் அடித்துக்கொண்டு ராகம் எடுத்தாள்.

"நாலாயிரம் பேரு நடையில நிக்க,
முந்நூறு பேரு முன்னால நடக்க,
முனியாயி மடியில மோதி அழுகுறேனே,
மோகனா, என்னப் பெத்தவளே,
மானத்த யாரு மீட்டுத் தருவா..."

"செவந்தி அழுதுட்டா" என்று ஒருத்தி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

வாசலில் ரகுநாத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொட்டுக்காரர்களையும் சேர்த்து எண்பது பேர் இருந்த கூட்டத்தை ஒருமுறை பார்த்தான். பக்கத்தில் நின்ற உள்ளூர் நிருபர் உதயசூரியனிடம், "கேட்டீகளா? நாலாயிரத்து முந்நூறு பேரு. எழுதிக்கங்க" என்றான். உதயசூரியன் எழுதிக்கொண்டார்.

மோகனப்ரியா அசையவில்லை. செவந்தி இரண்டாவது தரம் அதே நாலு ஆயிரத்தையும் அதே முந்நூறையும் பாடினாள். பாடும்போது மகளின் கண்ணைப் பிடித்து, அதை இழுத்துக்கொண்டுவந்து மஞ்சப்பையின் மேல் வைத்தாள். மகள் பையைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள்.

தண்ணீர் கொண்டுவரத்தான் போகிறாளோ என்னவோ. செவந்திக்குக் கைகால் சில்லிட்டது. ஃப்ரீசர் பெட்டியில் சாய்ந்திருந்ததாலா என்று விலகிப் பார்த்தாள். அப்போதும் சில்லென்றுதான் இருந்தது.

கொட்டு நின்றது.

"பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தான் ரகுநாத். அண்ணனின் நேர்மை பற்றி ஐந்து நிமிஷம் பேசினான். அதில் மூன்று நிமிஷம் தன்னைப் பற்றி இருந்தது. "அண்ணன் கடைசி ஆசைப்படி கேக்குறேன். எங்க அண்ணன் அடைக்கலம் இந்தச் சபையில யாருக்காச்சும், நயா பைசா, கடன் பாக்கி உண்டா? ஒரு தரம்!"

எங்கோ ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது.

"ரெண்டு தரம்!"

செவந்தியின் கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் தளர்ந்தன. முனியாயி அவள் தோளில் உள்ளங்கையை ஊன்றி எழுந்தாள். மனுஷியின் முழுக் கனமும் அந்த ஒரு தோளில் இறங்கியது. சேலையைச் சரிசெய்துகொண்டாள். தொண்டையைச் செருமினாள். வரிசையாக எல்லாத் தலைகளும் திரும்பின. செவந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரூபாய் நாலாயிரத்து ஐந்நூறு பெறப்பட்டது" என்றது மஞ்சப்பை. "நன்றி."

ரகுநாத் கையிலிருந்த மைக்கைத் தூரப் பிடித்து, அதுதான் பேசியதோ என்று பார்த்தான். "யாருப்பா அது?"

"கடப்பொட்டி, தம்பி" என்றாள் முனியாயி. "யாரோ பழைய பாக்கிய அனுப்பிருக்காக."

"எழவு வீட்லயா? அத ஆஃப் பண்ணுங்க. ஒரு மரியாத வேணாமா?"

"வேணும் தம்பி."

"நீங்க எந்திரிச்சீகளே, என்னமும் சொல்லணுமா?"

தெருவே முனியாயியைப் பார்த்தது. முனியாயி குனிந்து, பைக்குள் கைவிட்டு, எதையோ அமுக்கி அணைத்தாள்.

"காலு மரத்துப்போச்சு" என்றாள்.

"மூணு தரம்!" என்று ரகுநாத் முழங்கினான். "பாத்தீகளா? எங்க அண்ணன்..." அதற்குள் கொட்டுக்காரர்கள் அடித்துவிட்டார்கள். அண்ணனைப் பற்றிய மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை.

முனியாயி மறுபடி உட்கார்ந்து செவந்தியைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை ஊருக்கென்று எதுவும் பாடவில்லை. இடுப்புச் சுருக்குப்பையைத் துழாவி, நாலாக மடித்த ஒரு நோட்டை எடுத்து, செவந்தியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"எரநூறு கூட வந்துருக்கு. கொட்டுச் சத்தத்துல புள்ளைக்குச் சரியாக் கேக்கல போல" என்றாள். பிறகு, "இன்னிக்கும் வெள்ளிக்கெழமதான்" என்றாள்.

அடைக்கலத்தை ஃப்ரீசர் பெட்டியிலிருந்து எடுத்துப் பாடையில் கிடத்தினார்கள். தாடையைச் சேர்த்து வெள்ளைத்துணி கட்டியிருந்தது. ஏதோ அறிவிக்க வாயெடுத்தவரை யாரோ தடுத்துக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது அந்த முகம். மோகனப்ரியா வந்து அம்மாவைக் கைத்தாங்கலாகத் தூக்கினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மகளின் கை ஈரமாக இருந்தது.

"மதினி வாய்க்கரிசி போடுறாங்க! வழி விடுங்க!" என்றது மைக்.

யாரோ நீட்டிய தட்டிலிருந்து செவந்தி அரிசியை அள்ளினாள். நோட்டு இருந்த கையாலேயே அள்ளிவிட்டாள். குனிந்து, அவர் வாயருகே கையைக் கொண்டுபோனாள். விரல்களை முழுதாக விரிக்காமல், அரிசி போகும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் நெகிழ்த்தினாள். அரிசி மணி மணியாக இடுக்கு வழியே இறங்கியது. கை காலியான பின்னும் அவள் விரல்கள் மூடியே இருந்தன.