இருக்கையின் தூரம்

அண்ணனின் கார் எடைமேடையில் ஏறி நின்றபோது நான் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். கிரேன் கேபினிலிருந்து பார்த்தால் எல்லா வண்டிகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பின்கதவில் இருந்த நசுங்கல் நான் போட்டது. சுவரில் இடித்துவிட்டு ஒரு வாரம் அண்ணனிடம் சொல்லாமல் மறைத்துத் திரிந்திருக்கிறேன். பதினான்கு மாதம் காவல் நிலைய வளாகத்தில் கிடந்துவிட்டு, கேட்பாரற்ற மற்ற வண்டிகளோடு சேர்ந்து அதுவும் எங்கள் இரும்புக் கிடங்குக்கு வந்திருந்தது.

கிரேன் ஓட்டுவது என் வேலை. என் கிரேனின் நுனியில் கொக்கி கிடையாது, ஆள் உயரத்துக்கு அகலமான மின்காந்தத் தட்டு. பொத்தானை அழுத்தினால் மின்சாரம் பாய்ந்து இரும்பு எழுந்து வந்து ஒட்டிக்கொள்ளும், நிறுத்தினால் விழும். கிடங்கில் என்னைக் 'காந்தம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்த பிறகுதான் ஆள் யாரோடும் ஒட்டமாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

எடைமேடைக்கார அக்கா வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள். "காந்தம், இது உங்க அண்ணன் வண்டி மாதிரி இருக்கே. வேற ஆள ஏறச் சொல்லவா?"

வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. ஏதாவது பொருள் உள்ளே இருந்தால் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்க அண்ணிக்குப் போன் செய்தேன். அவள் தானே வருவதாகவும், வரும்வரை வண்டியைத் தொட வேண்டாம் என்றும் சொன்னாள்.

அது ஒரு பட்டப்பகல் விபத்து. நேரான சாலை, ஒரே ஒரு மரம். அண்ணன் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போய் விழுந்திருந்தான். அண்ணி தோள்பட்டை எலும்பு உடைந்து சாலையோரம் உட்கார்ந்திருந்தாள். நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வண்டியை எடுத்தவன் கண்ணயர்ந்துவிட்டான் என்று அவள் சொன்னாள். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? தூங்காமல் வண்டி எடுக்காதே என்று எத்தனை தடவை சொன்னேன், கேட்டானா என்று அம்மா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கு அழுகையே வரவில்லை. தானும் செத்து, அவளையும் கொல்லப் பார்த்தானே என்ற கோபம்தான். பிறகு அந்தக் கோபமும் எங்கோ போய்விட்டது. வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன், படுத்தேன்.

அண்ணி பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என் மகள் அவளுடைய வகுப்பில்தான் படிக்கிறாள். மின்காந்தம் பாடம் வந்தால், ஒரு காரை ஒற்றைப் பொத்தானில் தூக்கும் ஆள் நம் வீட்டிலேயே இருக்கிறார் என்று பிள்ளைகளிடம் என்னைப் பற்றிச் சொல்வாளாம். மூன்று மாதம் கழித்து மறுபடி வேலைக்குப் போனவள், காந்தம், கப்பி, நெம்புகோல் என்று எல்லாவற்றையும் நடத்தினாள். ஓடும் வண்டி சட்டென்று நின்றாலும் உள்ளே இருப்பவர் உடல் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும் என்ற பாடத்தை மட்டும் வேறொரு ஆசிரியர் வந்து நடத்திவிட்டுப் போனார். மகள் வந்து சொன்னபோது வீட்டில் எல்லோரும் பாவம் என்றோம்.

சாப்பாட்டு மணி அடித்தது. ஆட்கள் நிழலுக்குப் போனார்கள். தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு காரிடம் போனேன். ஓட்டுநர் பக்கக் கதவு பிதுங்கி மாட்டியிருந்தது. நெம்பித் திறந்தேன். உள்ளே ஒரு சீப்பு, கறுத்துப்போன ஒரு துண்டு, சின்னச் சின்னக் கண்ணாடித் துகள்கள். ஏன் என்று தெரியவில்லை, உட்கார்ந்து பார்க்கத் தோன்றியது. உட்கார முடியவில்லை. முழங்கால் ஸ்டியரிங்குக்குக் கீழே இடித்தது.

அண்ணன் என்னைவிட ஒரு சாண் உயரம். காலை நீட்டிக்கொண்டு ஓட்டினால்தான் அவனுக்குச் சரிப்படும். நான் அந்த வண்டியை இரவல் வாங்கும்போதெல்லாம் இருக்கையை முன்னால் இழுத்துத்தான் ஓட்டுவேன். திருப்பிக் கொடுத்ததும், குள்ளனுக்கு வண்டி கொடுத்தால் இதுதான் வம்பு என்று சொல்லிக்கொண்டே பின்னால் தள்ளுவான். இப்போது அந்த இருக்கை முன்னால், அது நகரும் தண்டவாளத்தின் கடைசிப் பல்லில் இருந்தது. முதுகுக்கு அணையாக ஒரு சின்ன மெத்தையும் இருந்தது. அண்ணி என் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

வெளியே வந்து ஒரு டயரின் மேல் உட்கார்ந்தேன். அண்ணி மேல் கோபம் வரும், அண்ணனை நினைத்து அழுகை வரும் என்று காத்திருந்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் அவன் முகத்தை, அம்மா சொன்ன வார்த்தைகளை, நான் அவனைத் திட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தூரத்தில் யாரோ தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

பிறகு எழுந்துபோய் இருக்கைக்குக் கீழிருந்த கம்பியைத் தூக்கிப் பார்த்தேன். துரு இறுகியிருந்தது. கடப்பாரையின் நுனியை இருக்கையின் அடிச்சட்டத்தில் கொடுத்து, ஒரு இரும்புத் துண்டை முட்டுக்கொடுத்து, இன்னொரு நுனியைப் பிடித்து அழுத்தினேன். கோல் நீளமாக இருந்தால் பலம் அதிகம் வேண்டியதில்லை. க்ரீச்சென்று ஒரு பல் நகர்ந்தது. பிறகு இன்னொன்று. பின்னால் கடைசிவரை தள்ளினேன். மெத்தையைக் கொண்டுபோய் பிளாஸ்டிக் குவியலில் போட்டேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று அப்போதும் யோசிக்கவில்லை.

அண்ணி பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, விரலில் சாக்பீஸ் தூள். எடைமேடைக்கார அக்கா கொடுத்த மஞ்சள் தலைக்கவசம் அவளுக்குப் பெரிதாக இருந்தது, கண்ணை மறைத்துக்கொண்டே இருந்தது. ஓட்டுநர் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தண்டவாளத்தில் புதிதாக விழுந்திருந்த கீறல்களை விரலால் தடவினாள். அங்கே இரும்பு பளபளவென்றிருந்தது.

"சீட்டு இப்படியா இருந்துச்சு தம்பி?"

"வந்தப்பவே இப்படித்தான் அண்ணி."

அவள் தலையாட்டினாள். சீப்பை எடுத்து வேண்டுமா என்று நீட்டினேன். வாங்கவில்லை.

"அவரு தூங்கிட்டுத்தான் இருந்தாரு," என்றாள். "பக்கத்து சீட்டுல. பெல்ட்டு போடுங்கன்னு சொன்னேன். போட்டுக்கிறேன்னு சொல்லிட்டே தூங்கிட்டாரு."

வெயில் அடிக்கிறது, நிழலுக்கு வாருங்கள் என்றேன். அவள் நகரவில்லை.

"அத்தைகிட்ட சொல்லிடட்டுமா?"

அம்மாவுக்கு எது தாங்கும் என்று எண்ணிப் பார்த்தேன். மகன் தூங்கிவிட்டான் என்பதா, மருமகள் மறைத்துவிட்டாள் என்பதா? பதில் கிடைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணியைத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேபினில் ஏறினேன்.

காந்தத் தட்டைக் காரின் கூரைமேல் இறக்கிப் பொத்தானை அழுத்தினேன். டொம்மென்று ஒட்டியது. மெதுவாகத் தூக்கினேன். ஆள் உயரம் எழுந்ததும் வண்டி முன்பக்கம் சாய்ந்தது. உள்ளே எங்கோ தேங்கிக் கிடந்த பதினான்கு மாத மழைத்தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. பழுப்பு நிறத் தண்ணீர், கண்ணாடித் துகள்களையும் இழுத்துக்கொண்டு வந்தது. கீழே விழுந்து, சரிவில் ஓடி, மஞ்சள் கோட்டைத் தாண்டி அண்ணியின் செருப்புகளைச் சுற்றிக்கொண்டது. அவள் காலை எடுக்கவில்லை. தலைக்கவசத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். என் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது.